உச்சிவெயிலில் மட்டும் நின்றுபோன கார்

தம்பி,

போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். பக்கம் கூடத்தான் இருக்கும். மீட்டிங் இருக்கிறது என்று மூடிவைத்துவிடாமல் உட்கார்ந்து முழுவதையும் படி. காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். துவைத்த துணியையே மறுபடி எடுத்து நனைத்துவிட்டேன். உங்கப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மனசுல கெடக்குறத எழுதித் தொலையேன், ஏன் இந்த நடை நடக்க?" என்று பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியைப் பற்றி நீ சொன்னது எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "அவளுக்கு ஒன்னுமில்லம்மா. டாக்டர்ட்ட காட்டியாச்சு. இசிஜி, ரத்தம் எல்லாம் கிளீன். நான் ஜெர்மனி போறேன்னு சொன்ன நாள்லருந்துதான் இந்தத் தலைசுத்தும் மயக்கமும். ஆஸ்பத்திரில வச்சு ஒரு தடவைகூட வரல, வீட்டுலதான் வருது. நீயே புரிஞ்சுக்கோ" என்றாய். புரிந்துகொண்டேன். உன் பெண்டாட்டி நடிக்கிறாள் என்கிறாய், அந்த வார்த்தையை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் விமானம் ஏறிவிடுவாய். அங்கே மெஷினைப் பொருத்தி ஓடவிட்டுத் திரும்பி வர எத்தனையோ மாதம் ஆகும். அதுவரை அந்த ஓசூர் வீட்டில் அவள் தனியாக இருக்க வேண்டும். அவளுக்கு என்ன என்று தெரியாமல் நீ கிளம்பக் கூடாது, தம்பி. நானும் பெரிய யோக்கியம் இல்லை. முதல் தடவை அவள் மயங்கிய செய்தி கேட்டு, "காலையில வெறும் வயித்தோட கெடப்ப, முருங்கைக்கீரையத் தின்னு" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள்தான். அப்போது எனக்குப் புத்தியில்லை. அதற்குப் பிறகு என் கார் எனக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிக்கொடுத்தது.

வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் உனக்குச் சொன்னேன். எப்படிச் சரியானது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பொண்டாட்டி மயக்கத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று முகத்தைச் சுளிக்காதே. மனுஷி வேறு, வண்டி வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேள்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நீதான். அந்த வெள்ளைக் காரைப் பழசாக வாங்கிய வருஷம், லீவுக்கு வந்திருந்தாய். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிக் காலியாகக் கிடந்த ரோட்டில், ஐம்பது வயசுக்காரியை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, "கிளட்ச்சும்மா, கிளட்ச்ச மெதுவா விடும்மா" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாய். ஒவ்வொரு தடவையும் வண்டி குதித்து நின்றது. ஒரு ஆட்டுக்காரர் ஆடுகளை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, நாம் போய்த் தொலையும்வரை காத்திருந்தார். நீ தலையில் அடித்துக்கொண்டாய், எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. எப்படியோ கற்றுக்கொண்டேன். அதன்பிறகு ஊர்ப் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றதில்லை. காலண்டர் ஆர்டர், பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் நோட்டு அட்டை ஆர்டர், கல்யாணப் பத்திரிகை ஆர்டர் என்று விருதுநகர்க் கடைகளில் பிடித்து, சிவகாசி பிரஸ்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மாதிரியை வாங்கி வந்து காட்டி, எல்லாம் அந்த வண்டியில்தான். உனக்கு அது பழைய கார். எனக்கு அது என் இரண்டு கால்.

இந்த வருஷம் பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் வண்டி நிற்க ஆரம்பித்தது. காலையில் போகும்போது ஒரு குறையும் இருக்காது. பிரஸ் வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு, வேலை முடிந்து மத்தியானம் திரும்பினால் வழியில் எங்காவது நின்றுவிடும். அதுவும் வேகமாகப் போகும்போது நிற்காது. வேகத்தடையில் மெதுவாகப் போனால், ரயில்வே கேட்டுக்காகக் காத்திருந்தால், முன்னால் போகும் லாரி பிரேக் பிடித்தால், அப்போதுதான் உயிரை விடும். முதல் தடவை நின்றது திருத்தங்கல் பக்கம். பின்னால் தீப்பெட்டி லோடு ஏற்றிய வேன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். நானும் ஹாரன் அடித்து ஏதாவது சைகை காட்டலாம் என்று அமுக்கினால் என் ஹாரன் சத்தமே போடவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரிய வேண்டிய சிவப்பு, மஞ்சள் லைட்டு ஒன்றும் எரியவில்லை. வண்டி செத்துக் கிடந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, உங்கப்பா ஆட்டோவில் வந்து, பானட்டைத் திறந்து ஏதோ செய்து மூடிவிட்டு, "இப்ப போடு" என்றார். ஒரே சாவியில் கிளம்பிவிட்டது.

அன்றைக்கே நான் சொன்னேன், "ஏங்க, ஹாரன்கூட அடிக்கலங்க, எல்லாமே அணைஞ்சு போச்சு" என்று. உங்கப்பா, "பதட்டத்துல சாவிய நீயே திருப்பி அணைச்சிருப்ப. ஸ்லோ பண்ணும்போது கிளட்ச்ச பட்டுனு விட்டா வண்டி நிக்கத்தான செய்யும்?" என்றார். உன்னிடம் போனில் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே, "இன்னுமா கிளட்ச் பழகல?" என்றாய். மெக்கானிக் காளீஸ்வரனிடம் உங்கப்பா வண்டியைக் கொண்டுபோய் விட்டார். நான் கூடப் போயிருந்தும் பேசியது அவர்தான். "வெயில்ல நிக்கிதாம்ப்பா. பெட்ரோல் லைன் என்னன்னு பாரு. இவுகளுக்குக் கிளட்ச்சும் கொஞ்சம் தகராறு" என்றார். காளீஸ்வரன் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். அடுத்த தடவை ஸ்பார்க் பிளக். அதற்கடுத்து பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தான். சாயந்தரம் வெயில் தாழ்ந்து காற்று வரும்போது என்னிடம் ஒப்படைப்பான். ஜம்மென்று ஓடும். இரண்டொரு நாளில் மத்தியான வெயிலில் மறுபடி நிற்கும்.

கடைசியில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பெரிய பட்டறைக்கும் கொண்டுபோனோம். ஏசி ஷெட்டுக்குள் வண்டியை ஏற்றி, ஒயரைச் சொருகி, அந்தப் பையன் திரையைக் காட்டினான். "பாருங்க ஆண்ட்டி, ஒரு எரர் கோடும் இல்ல. வண்டி கிளீன்." நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தை, தம்பி. அதை உன் வாயில் கேட்டதும்தான் எனக்குள் ஏதோ பொத்துக்கொண்டது. அன்றைக்கு அந்த ஷெட்டில் நான் கூனிக்குறுகி நின்றேன். வண்டி கிளீன் என்றால் குறை என்னிடம்தானே? வயசாகிவிட்டது, கை கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, மறதி வந்துவிட்டது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. வண்டியில் உட்கார்ந்தால் இடது காலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு தடவை அப்படிப் பார்த்ததில், ஓரமாக சைக்கிளில் போன ஒரு ஆளின் மேல் இடிக்கப் பார்த்தேன். கடவுள் புண்ணியம், அவரே ஒதுங்கிக்கொண்டார். அதன்பிறகு வழியில் நின்றால் யாரிடமும் சொல்வதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வேர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருந்து காத்திருந்து எப்போதாவது உயிர் வரும், ஓட்டிக்கொண்டு வீடு வருவேன். "எப்படி ஓடுச்சு?" என்று உங்கப்பா கேட்டால், "நல்லா ஓடுச்சு" என்பேன். பொய்தான். நிஜத்தைச் சொல்லித் திரும்பத் திரும்ப முட்டாள் பட்டம் வாங்க என்னால் முடியவில்லை.

இங்கே உங்கப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை உனக்குப் பிடிபடாது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஆயுசெல்லாம் ஃபோர்மேன் வேலை பார்த்த மனுஷன். கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறை வாசலிலும் செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட்டு உள்ளே போய்ப் பழகியவர். வீட்டில் அவர் செய்யும் கூத்து உனக்குத் தெரியாததா? இன்றைக்கும் வெளியே போய்விட்டு வந்தால் முன்கேட் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் படி ஏறுவார். ஊருக்குப் போனால் மெயின் சுவிட்சை இறக்காமல் பூட்ட மாட்டார். தீபாவளிக்கு ஊரே வெடிக்கும்போது வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துவிட்டு, நீ மத்தாப்பு பிடிப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார். நாம் சிரிப்போம். ஆனால் அந்தப் பட்டாசு ஷெட்டுகளில் அவர் கண்ணால் பார்த்ததை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் தோண்டிக் கேட்டதில்லை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

அந்தப் பயத்தில் அவர் செய்த காரியம் ஒன்று. வண்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே, பேட்டரியின் மேல் ஒரு கட்-ஆஃப் சுவிட்சை வாங்கி மாட்டிவிட்டார். சிவப்புத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் வண்டிக்குள் ஒரு பொட்டுக் கரண்ட் இருக்காது. நின்ற வண்டியில் கரண்ட் ஓடக் கூடாது என்பது அவர் கட்டளை. வீட்டில் நிறுத்தினால் தினமும் பானட்டைத் திறந்து அதை அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பானட்டுக்குள் எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் அதை அணைக்க வேண்டும். காளீஸ்வரனுக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். அவனும் அப்படியே செய்தான். ஒழுங்கான பழக்கம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

சித்திரை நடுவில் ஒருநாள், ஆமத்தூரைத் தாண்டி அனல் காற்றில் வண்டி நின்றது. வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். பொழுதுபோகாமல் ஹாரனை அமுக்கினேன். சத்தமில்லை. ஹெட்லைட்டைப் போட்டேன், இல்லை. வைப்பர் இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு 'டிக்'கூட இல்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது பார், அப்படி ஒரு கோபம். கிளட்ச்சைத் தப்பாக விட்டால் இன்ஜின்தானே நிற்கும்? ஹாரன் ஏன் நிற்க வேண்டும்? பெட்ரோல் வராவிட்டால் இன்ஜின்தானே நிற்கும்? லைட்டு பெட்ரோலிலா எரிகிறது? முதல்நாளே இதைத்தானே நான் சொன்னேன்? எல்லாமே அணைந்துபோனது என்று வாயைத் திறந்து சொன்னேனே, அதை ஏன் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை? சொன்ன என் பேச்சை நானேகூட நம்பாமல் போனேனே! அந்த வெயிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், தம்பி. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மறுநாள் உங்கப்பாவிடம், "இன்னைக்கு நீங்க என்கூட வாரீக. உச்சிவெயில்ல. பக்கத்து சீட்டுல உக்காந்து சும்மா பாக்கணும். வண்டி நின்னா ஒன்னையும் தொடக்கூடாது" என்று சொன்னேன். "தொடாம எப்படி? நின்ன வண்டியில மொதல்ல கட்-ஆஃப்ப அணைக்கணும்லா?" என்றார். "அதத்தான் தொடக்கூடாதுங்கேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். வெயிலில் நிறுத்திக் காயவைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு, சிவகாசி ரோட்டில் போனோம். போகும்போது நிற்கவில்லை. திரும்பும்போதும் நிற்கவில்லை. அவர் உதட்டோரம் சிரிப்பு லேசாக வர ஆரம்பித்தது. நிற்க வேண்டாம் என்று தினமும் வேண்டியவள், அன்றைக்கு மட்டும் நின்று தொலை என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியதும் அணைந்தது. லைட்டு, ஏசிக் காற்று, எல்லாம் ஒரே நேரத்தில். உங்கப்பா முகம் மாறிவிட்டது. என் காலைப் பார்த்தார். கிளட்ச் அடிவரைக்கும் மிதிபட்டிருந்தது. "எல்லாமே போயிருச்சே!" என்றார், அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பவர் மாதிரி.

அவர் கை தன்னால் பானட் கொக்கிக்குப் போனது. "கையை மடியில வையிங்க" என்று அதட்டினேன். நானே இறங்கி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கினேன். எனக்கு மெக்கானிசம் என்ன தெரியும்? எல்லாமே அணைகிறது என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது பேட்டரி, அதன் தலையில் உட்கார்ந்திருப்பது அந்தச் சிவப்புத் திருகு, அவ்வளவுதான் தெரியும். அணைக்காமல், திருப்பாமல், விரலால் லேசாக ஆட்டினேன். அனலாகக் கொதித்தது. உள்ளே இருந்து உங்கப்பா, "லைட்டு வந்துருச்சு!" என்று கத்தினார். மறுபடி ஆட்டினேன். "போயிருச்சு!" மறுபடி. "வந்துருச்சு!" நடுரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் செய்த கூத்தைப் பார்த்து, பைக்கில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

காளீஸ்வரன் பிறகு விளக்கிச் சொன்னான். மட்டமான சரக்கு, அதன் பிளாஸ்டிக் சூட்டில் இளகி உள்ளே இருக்கும் செம்பு விலகிவிடுகிறது. வேகமாக ஓடும்போது, இன்ஜின் சுற்றச் சுற்றக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் எப்படியோ சமாளித்துவிடும். ஏசி ஓடிக்கொண்டிருக்கையில் வேகம் குறைந்தால் தாக்குப்பிடிக்காமல் நின்றுவிடும். அதனால்தான் கிளட்ச் மாதிரி தெரிந்திருக்கிறது. "அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் வந்ததும் அதத்தானக்கா மொதல்ல அணைச்சு, பெறகு திரும்பப் போடுதாக. அணைச்சுப் போட்டா செம்பு திரும்ப ஒட்டிக்கிடும். நானும் அப்படித்தான் செஞ்சேன். பிறகு எங்கன கண்டுபிடிக்க?" என்றான். கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாததற்கும் அதுதான் காரணம். பேட்டரியை அணைத்தால் வண்டியின் மூளையில் பதிந்திருந்ததெல்லாம் அழிந்துவிடுமாம். நல்லது செய்வதாக நினைத்து, நோயின் தடத்தை நாங்களே துடைத்துத் துடைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். உங்கப்பா ஸ்பேனரை வாங்கி, அந்த சுவிட்சைத் தன் கையாலேயே கழற்றினார். நல்ல சரக்காக வேறு ஒன்று போட்டுத் தருகிறேன் என்று காளீஸ்வரன் சொன்னதற்கும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "நீ மொத நாளே சொன்ன, நான் கேக்கல" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியதில் அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. அதன்பிறகு கத்தரி வெயில் முழுக்க ஓட்டிவிட்டேன், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பாவம், இப்போது நிறுத்திய வண்டியில் கரண்ட் இருக்கிறதே என்று அவருக்குத்தான் தவிப்பு. அடிக்கடி போய் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் அடிக்கடி வயிற்றுவலி என்பாய். கணக்குப் பரீட்சை அன்றைக்குக் கட்டாயம் வரும். பாதி நாள் நாடகம்தான், எனக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பக்கம்கூட மாறும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் உன்னை உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அதனால்தான் ஒருநாள் நீ சொன்னது வேறு மாதிரி இருந்ததும் பிடிபட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது என்றார்கள். உன் நாடகத்தை எல்லாம் நம்பியதில் எனக்கு என்ன குறைந்துபோனது? உனக்குப் பள்ளிக்கூடம் கொஞ்சம் போனது. அந்த ஒருநாள் நம்பாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத எனக்குப் பிள்ளை இருந்திருக்க மாட்டான். சுகந்தி நடிக்கிறாள் என்றே வைத்துக்கொள். நம்பிப் பார்ப்பதில் உனக்கு என்னடா நஷ்டம்? புருஷன் கடல் தாண்டிப் போகிறான் என்றால் ஒரு பெண்ணுக்குக் கலக்கம் இருக்கத்தான் செய்யும். கலக்கமும் இருக்கலாம், உடம்பில் கோளாறும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடுமா?

நேற்று மத்தியானம் நான் அவளைக் கூப்பிட்டேன். நீ வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாய், உன் குரல் உள்ளறையில் கேட்டது. காருக்கு முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மருமகளிடம் கேட்டேன். "மயக்கம் வாரதுக்கு முன்னாடி மொதல்ல என்ன செய்யிது?" சொன்னாள், "மொதல்ல நெஞ்சுக்குள்ள ஒரு குதி குதிக்கும் அத்தை. தாறுமாறா அடிக்கும். பெறகுதான் கண்ணு இருட்டும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும்." "இத டாக்டர்ட்ட சொன்னியா?" என்று கேட்டேன். "அவுகதான் பேசினாக அத்தை. டென்ஷன்னு சொன்னாக. நான் சொல்ல வாரதுக்குள்ள டாக்டர் சீட்டு எழுதிட்டாக" என்றாள். உன்னை மாட்டிவிடும் நினைப்பில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரியாது. பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள். ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு தொம்மென்று ஒரு சத்தம். "சுகந்தி, சுகந்தி" என்று இங்கிருந்து கத்துகிறேன், பதில் இல்லை. அப்புறம் உன் காலடிச் சத்தம் கேட்டது. பதறி ஓடி வருகிற காலடி இல்லை. பிறகு உன் குரல்: "ஆரம்பிச்சிட்டியா?"

என் வயிற்றில் பிறந்த பிள்ளையின் குரல் அது என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நீ கெட்டவன் இல்லை. வேலை, விசா, பயணம் என்று உனக்கும் தலைக்குமேல் கிடக்கிறது. அதெல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அந்தக் குரலை மறக்க முடியவில்லை. போனை வைக்காமல் காதில் பிடித்துக்கொண்டே நின்றேன். வெகுநேரம் கழித்து அவள் போனை எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒன்னுமில்ல அத்தை, டம்ளர் கைதவறி விழுந்துருச்சு" என்றாள். மறைக்கிறாள், தம்பி. நடிப்பவள் யாராவது மறைப்பாளா? சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இனி எது வந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டாள். எனக்கு அவள் மயக்கத்தைவிட அதுதான் பெரிய பயம்.

போனை வைத்ததும் நம் தெரு டாக்டரம்மாவிடம் ஓடினேன். நெஞ்சு தாறுமாறாக அடித்துவிட்டு மயக்கம் வருகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது, உடனே இதய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். இசிஜி எடுக்கிற அந்த நேரத்தில் நெஞ்சு ஒழுங்காக அடித்தால் அதில் ஒன்றும் தெரியாதாம். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, வீட்டு வேலை செய்யும்போதும் தூங்கும்போதும் பதிவு செய்கிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். அதைக் கேட்டு வாங்கி மாட்டச் சொன்னார். இன்றைக்கே அப்பாயின்ட்மென்ட் போடு. டாக்டர் முன்னால் அவளே பேசட்டும். அவள் பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்காதே. என்ன என்று தெரிந்தபிறகு ஜெர்மனிக்குப் போ, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

விடிந்ததும் நானும் அப்பாவும் கிளம்புகிறோம். மதுரை, சேலம் வழியாக, நான்தான் ஓட்டி வருகிறேன். டாக்டர் என்ன சொல்கிறாரோ, அது முடியும்வரை அவளோடு இருக்கத் துணிமணி எடுத்து வைத்துவிட்டேன். நாங்கள் வந்து சேருகிறவரைக்கும் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குளிக்கப் போகும்போது கதவை உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சுகந்தியிடம் சொல். சொல்லிவிட்டு, அவள் வெளியே வரும்வரை வாசலிலேயே நில்.

அம்மா